வரிசையில் இரண்டாவது பெயர்

அத்தியாயம் 11

பிப்ரவரி பதினைந்தாம் தேதி காலையில் டெல்ஃபினாவின் கண்ணுக்குக் கைபேசியைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. பல் துலக்கும்போது அது கண்ணாடிக்குக் கீழே இருந்தது. முட்டை பொரியும்போது அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. ஐந்து வயது மகள் பலோமாவுக்குத் தலை வாரும்போது அவள் மடியில் இருந்தது. இரண்டு முறை தரையில் விழுந்து, இரண்டு முறையும் பலோமாவுக்குத்தான் திட்டு விழுந்தது.

போன வாரம் வந்த கடிதம் அப்படி. அதை அவள் எழுத்து எழுத்தாக மனப்பாடம் செய்திருந்தாள். சொந்த ஊரான டூசானிலேயே, வீட்டிலிருந்து பத்து நிமிஷக் கார் தூரத்தில், ரின்கான் கோளியல் மையத்தில் ஓர் ஆராய்ச்சி வேலை. நான்கு வருஷம். எங்கோ இருக்கும் சூரியன்களைச் சுற்றிவரும் கோள்கள், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு எப்படிக் குடும்பமாக ஓடுகின்றன என்று கணக்குப் போட வேண்டும். அவள் பத்து வருஷமாகச் செய்துவருவதும் அதைத்தான். 'உங்கள் விண்ணப்பம் எங்களை மிகவும் கவர்ந்தது. வரிசையில் நீங்கள் இரண்டாவது' என்று எழுதியிருந்தார்கள்.

முதலாவது யார் என்று எழுதவில்லை. எழுதக் கூடாது என்பது அவர்கள் விதி.

இந்த வானியல்காரர்களுக்குள் இன்னொரு ஏற்பாடும் உண்டு. வேலை கொடுக்கிறவர்கள் பிப்ரவரி பதினைந்துக்கு முன்னால் யாரையும் பதில் சொல்லச் சொல்லி நெருக்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் நடப்பது என்னவென்றால், கையில் இரண்டு மூன்று வேலை வைத்திருப்பவர்கள் கடைசி நாள் வரைக்கும் எல்லாவற்றின் மேலும் அடைகாத்து உட்கார்ந்துவிடுவார்கள். பதினைந்தாம் தேதி ஒருவர் எழுந்தால்தான் அடுத்தவர் உட்கார முடியும். கண்டம் முழுவதும் ஒரே நாளில் நாற்காலி மாறும்.

டெல்ஃபினாவின் கையில் இருந்தது ஹாலிஃபாக்ஸ். கனடாவின் கிழக்குக் கோடி, கடலோரம், மூன்று வருஷ வேலை. மோசமான வேலை இல்லை. ஆனால் அங்கே போவதென்றால் கணவன் ரஸ்ஸல் மலைமேல் தொலைநோக்கியில் பார்க்கும் வேலையை விட வேண்டும். எழுபத்தொரு வயது அப்பாவைத் தனியே விட வேண்டும். பலோமாவைப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும். இன்று மாலை ஐந்து மணிக்குள் ஹாலிஃபாக்ஸுக்குப் பதில் போயாக வேண்டும். அதற்குள் ரின்கான் கூப்பிட்டால் இங்கேயே இருக்கலாம். கூப்பிடாவிட்டால் ஹாலிஃபாக்ஸுக்குச் சரி சொல்ல வேண்டும். ஆகஸ்டோடு இப்போதைய வேலை முடிகிறது. இரண்டையும் விட்டுவிட்டுச் சும்மா உட்கார முடியாது.

"முட்டையா, பீன்ஸா?" என்று ரஸ்ஸலிடம் கேட்டாள்.

"உனக்கு எது வசதியோ."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவள் பத்து வருஷமாகக் கேட்டுவருகிறாள். எந்த ஓட்டலுக்குப் போகலாம் என்றாலும் உனக்கு எது வசதியோ. குழந்தைக்கு என்ன பேர் வைக்கலாம் என்றபோதும் உனக்கு எது வசதியோ. அவன் பிறந்து வளர்ந்த மினசோட்டாவில் இப்படித்தான் பிள்ளைகளை வளர்க்கிறார்கள் போலும். அவனுடைய அம்மாவும் அப்பாவும் ஒரு கடைசித் துண்டு கேக்கை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஒருவருக்கொருவர் உபசாரம் செய்ததை டெல்ஃபினா கல்யாணத்துக்கு முன்பே பார்த்திருக்கிறாள். அன்றே சுதாரித்திருக்க வேண்டும்.

முட்டையையும் பீன்ஸையும் சேர்த்தே தொர்தியா ரொட்டியில் சுருட்டி அவன் முன்னால் வைத்தாள்.

சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் வாய் ஓயவில்லை. அந்த முதல் ஆள் யாராக இருந்தாலும் நன்றாக இருக்க மாட்டான் என்று ஆரம்பித்தாள். மூன்று வாரமாகக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறான், ஊறுகாய் போடுகிறானா? நிச்சயம் பெரிய இடத்துப் பிள்ளையாக இருப்பான். கையில் நாலு வேலை இருக்கும். பின்னால் நிற்பவர்களைப் பற்றி அவனுக்கு என்ன கவலை?

ரஸ்ஸல் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே கழுவிய தட்டு அது.

பலோமா தன் பங்குக்குத் தொப்பி இல்லாமல் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதாள். அடுத்த வாரம் ரோடியோ, குதிரையும் தொப்பியுமாக மாட்டுக்காரர் திருவிழா, ஊர்வலத்துக்குப் பழகுகிறார்கள், எல்லோருக்கும் தொப்பி இருக்கிறது, அவளுக்கு மட்டும் இல்லை. சாயந்திரம் தாத்தா வாங்கி வருவார் என்று சொல்லி அவளைக் காரில் ஏற்றினார்கள்.

வானியல்காரர்களுக்கென்று ஒரு வதந்திப் பக்கமும் இணையத்தில் இருக்கிறது. பேர் போடாமல் யார் வேண்டுமானாலும் எழுதலாம். எந்த வேலை யாருக்குப் போனது, எது இன்னும் தொங்குகிறது என்று. ஒன்பது மணிக்கு அதில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'ரின்கான்: முதல் பெயர் இன்னும் வாய் திறக்கவில்லை.'

டெல்ஃபினாவுக்குக் கை பரபரத்தது. கீழே எழுதினாள்: 'ரின்கான் வரிசையில் முதலில் இருக்கும் மகானே, சாப்பிடப்போவதில்லை என்றால் தட்டை நகர்த்து. பின்னால் பசியோடு நிற்கிறார்கள்.'

எழுதியதை ரஸ்ஸலிடம் காட்டினாள். அவன் இரண்டு முறை படித்தான்.

"கொஞ்சம் காரமா இருக்கு" என்றான்.

"இதுவே கம்மி."

பத்து மணி அடித்துச் சில நிமிஷங்கள் ஆகியிருக்கும். ரஸ்ஸல் அவளுக்குக் காபி கொண்டுவந்து வைத்தான். மூட்டையை இறக்கி வைத்தவன் போல இருந்தது அவன் நடை. இனிமேல் எந்த நேரமும் போன் வரும் பார் என்றான். நீ என்ன ஜோசியமா பார்க்கிறாய் என்று அவள் கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போனான். அவளுக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது.

போன் வரவில்லை. பதினோரு மணிக்கு வரவில்லை. பன்னிரண்டுக்கு வந்தது, கார் காப்பீட்டுக்காரன், பாவம், வாங்கிக் கட்டிக்கொண்டான். இரண்டு மணிக்குள் வதந்திப் பக்கத்தில் இருபது வேலைகள் கைமாறிவிட்டன. ரின்கான் மட்டும் அசையவில்லை. மூன்று மணிக்கு ரஸ்ஸல் அவளைவிட அதிகமாக அவளுடைய கைபேசியைப் பார்த்தான். கையில் எடுத்து, சத்தம் வைத்திருக்கிறதா என்றுகூடச் சோதித்தான். தன் கவலையில் அவளுக்கு அது உறைக்கவில்லை.

மூன்று நாற்பதுக்கு அப்பா எவரிஸ்தோ பின்கட்டிலிருந்து வந்தார்.

இந்த இடத்தில் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகரப் பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருஷம் மெக்கானிக். ஒரே பணிமனை, ஒரே மேஜை, ஒரே சாவிக்கொத்து. டாக்டர் பட்டம் வாங்கிய தன் மகள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வேலை தேடுவது அவருக்குப் புரியவே இல்லை. அவள் பார்க்கும் இந்தத் தவணை வேலைக்குப் போஸ்ட் டாக் என்று பேர்; அது என்ன என்று சொந்தக்காரர்கள் கேட்டால், தற்காலிக டாக்டர் என்று சொல்லி முடித்துக்கொள்வார். ஆனால் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார். மகளும் மருமகனும் எந்த ராத்திரி மலைமேல் இருப்பார்கள், எந்தப் பகலில் தூங்குவார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது யார் என்று முடிவாகும். அதற்காக இருவருடைய வேலை நாட்காட்டிகளையும் சேர்த்துத் தன் கைபேசியில் போட்டுக்கொண்டார்; அவர்கள் ஒருவர் நாட்காட்டியை ஒருவர் பார்ப்பதில்லை. அந்த நாட்காட்டிகள் உள்ளூர் நேரத்தில் ஓடுவதில்லை. உலகத்தில் எங்கே இருந்தாலும் வானியல்காரர்களுக்கு ஒரே பொது நேரம். டூசான் நேரத்தைவிட அது ஏழு மணி நேரம் முன்னால் ஓடும். அவர்கள் வேலை அறைச் சுவரில் தொங்கும் கடிகாரமும் அதையேதான் காட்டும். எவரிஸ்தோ விரலை மடக்கி ஏழு ஏழாகக் கழிப்பார். இதுவரை ஒரு நாள்கூடத் தப்பவிட்டதில்லை.

இன்று சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"நாலரைக்குக் கண் டாக்டர். ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு. மூணாவது தடவையும் தள்ளினா, அங்க இருக்கற பொண்ணு என்னைக் குருடன்னே எழுதி முடிச்சிடும்" என்றார்.

"அப்பா, எனக்கு அஞ்சு மணிக்குள்ள—"

"தெரியும்மா. உனக்கு அஞ்சு மணின்னு போட்டிருக்கு. மாப்பிள்ளையோடதுதான் காலைல பத்து மணிக்கே முடிஞ்சிடுச்சே. அவரு போய்க் குழந்தையைக் கூட்டிட்டு வரட்டும். வர்ற வழியில தொப்பியும் வாங்கணும்."

"ரஸ்ஸலுக்கு என்ன முடிஞ்சுது?"

"ரின்கானுக்குப் பதில் சொல்றது. பதினேழுன்னு போட்டிருந்தாரு. ஏழு கழிச்சேன், பத்து." விரல்களைக் காட்டினார். "தப்பாக் கழிச்சிட்டேனா?"

டெல்ஃபினா அவர் கையிலிருந்து கைபேசியை வாங்கிப் பார்த்தாள். ராத்திரி ராத்திரியாகத் தொலைநோக்கி நேரங்கள். அவற்றுக்கு நடுவே, இன்றைய தேதியில், ரஸ்ஸலின் பச்சை நிறத்தில் ஒரு வரி: '17:00 ரின்கான், பதில் கெடு.' அவளுடைய வரி அதற்குக் கீழே, '24:00 ஹாலிஃபாக்ஸ்' என்று, சிவப்பில்.

"இல்லப்பா. சரியாத்தான் கழிச்சிருக்கீங்க" என்றாள்.

வேலை அறைக்குப் போகும் பன்னிரண்டு அடி தூரத்தில் அவளுக்கு எல்லாம் வரிசையாகப் புரிந்தது. கழுவிய தட்டு. பத்து மணிக் காபி. இரண்டு முறை படித்த காரமான வரி. அவள் காலையிலிருந்து யாரைத் திட்டிக்கொண்டிருந்தாளோ அந்த மகான் அவள் வீட்டிலேயே, அவள் சுட்ட தொர்தியாவைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தான்.

ரஸ்ஸல் அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஜனவரி இருபத்தெட்டு."

"நான் ரெண்டாவதுன்னு உன்கிட்ட சொன்னப்ப?"

"நீ எனக்கு அடுத்ததுன்னு அப்பத்தான் எனக்கும் தெரிஞ்சுது."

பிறகு துண்டு துண்டாக வந்தது. சும்மா போட்டுப் பார்க்கலாம் என்றுதான் போட்டானாம். ஆறு வருஷமாக மற்றவர்கள் கோள் கண்டுபிடிக்க நிரல் எழுதிக் கொடுத்தவனுக்கு எங்கே கிடைக்கப்போகிறது, கிடைக்காவிட்டால் எதற்குச் சொல்லிக் கேவலப்பட வேண்டும் என்று அவளிடம் மறைத்தானாம். கிடைத்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. அவள் இரண்டாவது என்று தெரிந்த அன்றே விட்டுவிடலாம் என்று நினைத்தானாம். தினமும் காலையில் அந்தக் கடிதத்தைத் திறப்பானாம், மூடுவானாம்.

"எட்டு நாள். எட்டு நாளா நான் புலம்பறேன். நீ காபி போட்டுக் குடுக்கற."

"இன்னைக்குப் பத்து மணியோட அதுவாப் போயிடும்னு விட்டுட்டேன் ஃபினா. கெடு தாண்டினா அடுத்த ஆளுக்குத்தானே கூப்பிடுவாங்க. நான் வேணும்னும் சொல்ல வேணாம், வேணாம்னும் சொல்ல வேணாம்."

 ஒரு வேலையை ஏற்கவும் தெரியவில்லை, மறுக்கவும் தெரியவில்லை. பால் திரியட்டும் என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போவதுபோல வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இதிலும் உனக்கு எது வசதியோ.

"பத்து மணிக்குப் போயிடுச்சுன்னா எனக்கு ஏன் இன்னும் போன் வரல?"

"அதான் எனக்கும் புரியல."

"கடிதத்தைக் காட்டு."

காட்டினான். நல்ல கடிதம். அவளுக்கு வந்ததைவிட நீளமான கடிதம். கடைசிப் பத்தியில், 'பிப்ரவரி 15, 17:00 மணிக்குள் பதில் தெரிவிக்கவும்' என்று இருந்தது. கீழே கையெழுத்து, திருமதி ஒச்சோவா, அலுவலகம்.

ஒச்சோவா அம்மாளை டெல்ஃபினாவுக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷம் விமானப் படையில் கணக்கெழுதிவிட்டு வந்தவர். சாயந்திரம் ஐந்து மணி என்று எழுத மாட்டார். பதினேழு மணி என்றுதான் எழுதுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கே, பதின்மூன்று முப்பதுக்குத் திரும்புவேன் என்று பலகை மாட்டிவிட்டுப் போகிறவர்.

"அந்தம்மா வானியல்காரி இல்ல ரஸ்ஸல். அவங்க கடிகாரம் ஊர்க் கடிகாரம். பதினேழுன்னா நம்ம ஊரு பதினேழு."

ரஸ்ஸல் கடிதத்தைப் பார்த்தான். அந்த எண்ணைக் கண்டதும் உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். பல் டாக்டரின் சீட்டையே அப்படிப் படித்து ஒருமுறை விடியற்காலையில் போய் நின்றவன்தான்.

தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம் 23:12 என்றது. ஏழு கழித்தால் நாலு மணி பன்னிரண்டு நிமிஷம். வேலை இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

அறை வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. டெல்ஃபினா அவரிடம் நீங்களே போய்ப் பலோமாவைக் கூட்டி வந்துவிடுங்கள் என்றாள். அவர் ஒன்றும் கேட்காமல் கண் டாக்டரை மூன்றாவது முறையாகத் தள்ளிப் போட்டுவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"நான் இப்பவே விட்டுடறேன்" என்றான் ரஸ்ஸல். "அஞ்சு நிமிஷத்துல எழுதிடறேன். உடனே உனக்குக் கூப்பிடுவாங்க. இன்னும் நேரம் இருக்கு."

உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தான்.  எழுதட்டும் என்று சமையலறைக்குப் போனாள். பீன்ஸ் சட்டியைத் தேய்த்தாள். நான் கேட்கவில்லையே, அவனாகத்தானே விடுகிறான் என்று சொல்லிக்கொண்டாள். வேலை கிடைக்கப்போகிறது என்ற சந்தோஷம் மெல்ல எட்டிப் பார்த்தது. அதை நினைத்துத் தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

நாலரை தாண்டியும் அவன் கூப்பிடவில்லை. திரும்பிப் போனாள். கடிதம் திரையில் முடிந்து கிடந்தது. அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு அவன் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"நகரு. நான் படிக்கறேன்."

'மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு. தங்கள் வாய்ப்பு எனக்குப் பெரிய கௌரவம். குடும்பக் காரணங்களால் அதை ஏற்க இயலாத நிலையில் இருக்கிறேன். கயூகா மையத்தில் பணிபுரிய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்...'

அவள் கண் அந்தப் பேரிலேயே நின்றது.

வானியல்காரர்கள் பழைய கடிதத்தின் மேல்தான் புதிய கடிதம் எழுதுவார்கள். ஒரு வருஷத்துக்கு நாற்பது விண்ணப்பம் போடுகிறவர்கள் வேறு என்ன செய்வார்கள்? பேரை மாற்றுவார்கள், ஊரை மாற்றுவார்கள். ஓர் இடத்தில் மாற்ற விட்டுப்போகும். டெல்ஃபினாவே ஒருமுறை ஹவாய்க்காரர்களிடம் உங்கள் பனிமூடிய வளாகம் எனக்குப் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறாள்.

"கயூகா உன்னை வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு சொன்ன. நீதான் அவங்களை வேணாம்னு எழுதியிருக்க."

ரஸ்ஸல் பொத்தானுக்குப் பக்கத்திலிருந்து கையை எடுத்தான்.

ஆறு வருஷத்துக்கு முந்திய பிப்ரவரி. அவள் நான்கு மாதக் கர்ப்பம். அம்மா இதே ஊரில், இதே வீட்டில், படுத்த படுக்கை. நான் இந்த ஊரைவிட்டு எங்கும் வர மாட்டேன் என்று ரஸ்ஸலிடம் சொல்லியிருந்தாள். ஒரு நாள் அவன் வந்து, தூரத்து ஊரில் இருந்த கயூகா மையத்து வேலை கிடைக்கவில்லை என்றான். அவள்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னாள். அன்றிலிருந்து கயூகாக்காரர்களை அவளுக்குக் கண்டால் ஆகாது. அவர்களுடைய கட்டுரைகளில் குற்றம் கண்டுபிடிப்பாள். ஒரு கருத்தரங்கில் அவர்கள் பேராசிரியர் ஒருவரை மேடையிலேயே வைத்து வறுத்தெடுத்தாள். அந்த மனிதருக்குக் கடைசி வரை எதற்கென்று புரியவில்லை.

"ஆறு வருஷமா அவங்களைத் திட்டிட்டிருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து ஆமா ஆமான்னு தலையாட்டற."

"நீ எனக்காகத் திட்டறது கேக்க நல்லா இருந்துச்சு."

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அவன் உடனே அனுப்பும் பொத்தானை அழுத்திவிடுவான் என்று தெரியும். அதனால் அழவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். மணி நாலு நாற்பத்தாறு.

"ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். உனக்கு ரின்கான் வேணுமா?"

"உனக்குக் கிடைச்சா எல்லாருக்குமே—"

"என்னைப் பத்திக் கேக்கல."

"மாமாவை யோசிச்சா, பலோமா ஸ்கூல்—"

"அவங்களைப் பத்தியும் கேக்கல. உன்னைப் பத்திக் கேக்கறேன். வேணுமா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லு ரஸ்ஸல். பத்து வருஷத்துல ஒரு வார்த்தை."

அவன் கடிதத்தைப் பார்த்தான். கைகளைப் பார்த்தான். 

"வேணும்" என்றான். "ரொம்ப வேணும். அதான் எட்டு நாளா விட முடியல."

இந்த வார்த்தையைக் கேட்க வேண்டும் என்றுதான் பத்து வருஷமாக அவனோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். இன்றைக்குத்தானா வர வேண்டும்? அவளுக்கும் அது வேண்டும். எனக்கு விட்டுவிடு என்பது நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் விட்டுவிடுவான். சந்தோஷமாகக்கூட விட்டுவிடுவான். நாளை காலையில் முட்டையா பீன்ஸா என்று அவள் கேட்பாள், உனக்கு எது வசதியோ என்பான். இன்னும் ஆறு வருஷம் கழித்து வேறொரு கடிதத்தின் நடுவில் ரின்கான் என்ற பேரை அவள் படிக்க வேண்டியிருக்கும்.

"அந்தக் கடிதத்தை அழி" என்றாள். "வேணும்னு எழுது."

"நீ?"

"நான் ஹாலிஃபாக்ஸுக்கு எழுதறேன்."

"கோபத்துல பண்ணாத ஃபினா. நாம பேசலாம்."

"கோபந்தான். பேச ஜனவரி இருபத்தெட்டுலேர்ந்து நேரம் இருந்துச்சு. இப்ப பதினோரு நிமிஷம் இருக்கு. எழுது."

அவள் தன் கைபேசியில் இரண்டு வரைவுகள் தயாராக வைத்திருந்தாள். ஒன்று ஹாலிஃபாக்ஸுக்குச் சரி, இன்னொன்று மன்னிக்கவும். சரி என்பதைத் திறந்து, கயூகா மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். இல்லை. அனுப்பினாள். பெருந்தன்மையா, பிடிவாதமா என்று அவளுக்கே தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அனுப்பியாகிவிட்டது. இரண்டு நிமிஷம் கழித்து ரஸ்ஸலின் கணினி, கடிதம் போய்விட்டது என்று மெல்ல ஒலித்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமான புதிதில் இப்படி உட்கார்ந்ததுண்டு. அதற்குக் காரணம் வேறு.

வாசலில் வண்டி வந்து நின்றது. சிவப்புத் தொப்பி முதலில் உள்ளே வந்தது. அதற்கு அடியில் பலோமா. காது வரை இறங்கிய தொப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தாத்தா பெரிய சைஸ் வாங்கிவிட்டார், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சொல்கிறார் என்று முறையிட்டாள்.

எவரிஸ்தோ பேத்தியின் பையோடு அறை வாசலில் நின்றார். மகளையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தார். வேலை யாருக்குக் கிடைத்தது என்று கேட்டார்.

"ரெண்டு பேருக்கும்ப்பா. அவனுக்கு ரின்கான். எனக்கு ஹாலிஃபாக்ஸ்."

"ரெண்டு பேருமே சரின்னுட்டீங்களா?"

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"செப்டம்பர்."

கிழவர் தலையாட்டினார். சந்தோஷப்பட வேண்டுமா என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு அவர் எப்போதும் செய்வதையே செய்தார். பையைக் கீழே வைத்தார், கைபேசியை எடுத்தார், எட்டப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தபடி நாட்காட்டியைச் செப்டம்பருக்குத் தள்ளினார். கட்டம் எல்லாம் காலியாக இருந்தது.

"அந்த ஊருக்கு எத்தனை மணி கழிக்கணும்?"

"செப்டம்பர்ல மூணு."

"மாப்பிள்ளைக்கு?"

"அதே ஏழுதான் மாமா" என்றான் ரஸ்ஸல்.

எவரிஸ்தோ ஒரு கையில் மூன்று விரலை மடக்கினார். மறு கையையும் தூக்கினார். இரண்டு கைக்கும் நடுவில் தொப்பியோடு நின்ற பேத்தியைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப இவளுக்கு எத்தனை கழிக்கணும்?" என்று கேட்டார்.

டெல்ஃபினா ரஸ்ஸலைப் பார்த்தாள். ரஸ்ஸல் வாயைத் திறந்தான். உனக்கு எது வசதியோ என்று அவன் சொல்லிவிடக் கூடாதே என்று அவளுக்குப் பயமாக இருந்தது.